25 வயது வரை மூளை வளராதா? ரிஸ்க், பின்னூட்டம், பதின்பருவ மூளை: ஒரு விளக்கம்

16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஆஸ்திரேலியா சட்டம் போட்டு, 2025 டிசம்பரில் அதை நடைமுறைக்கும் கொண்டுவந்துவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் பிரிட்டன் அரசு, 16 வயதிலேயே ஓட்டுரிமை தரப்போவதாக அறிவித்தது. இந்த மாதிரிச் செய்தி எது வந்தாலும் யாராவது ஒருவர் "25 வயது வரைக்கும் மூளை முழுசா வளராது, அறிவியலே சொல்லுது" என்பார். அதே அறிவியலை வைத்து இன்னொருவர் நேர் எதிராக வாதாடுவார். 16 வயதுக்காரரை நம்பலாமா கூடாதா என்று கேட்டால் மூளை ஆராய்ச்சி என்னதான் சொல்கிறது?

கேள்வியை அப்படிக் கேட்பதில்தான் சிக்கல். பதின்பருவ மூளையில் ஏதோ ஒரு பாகம் இன்னும் வந்து சேரவில்லை என்பது போலப் பேசுகிறோம். கடந்த இருபது ஆண்டு ஆய்வுகளை வரிசையாகப் பார்த்தால் தெரிவது வேறு: எந்தச் சூழலில் முடிவெடுக்கிறார்கள், முடிவுக்குப் பிறகு வரும் பின்னூட்டத்தில் எதை மனதில் ஏற்றிக்கொள்கிறார்கள் என்ற இரண்டு இடங்களில்தான் பெரியவர்களோடு உள்ள வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. அடிப்படையிலிருந்து போகலாம்.

முதலில் நான்கு சொற்கள்

1. ரிஸ்க். பேச்சு வழக்கில் ரிஸ்க் என்றால் ஆபத்து. ஆய்வுக்கூடத்தில் அர்த்தம் கொஞ்சம் அகலம்: என்ன விளைவு வரும் என்று உறுதியாகத் தெரியாமல் செய்யும் எந்தத் தேர்வும் ரிஸ்க்தான். அதில் இரண்டு வகை. நாணயத்தைச் சுண்டினால் பாதிக்குப் பாதி என்று தெரியும். இது வாய்ப்பு தெரிந்த ரிஸ்க். வாய்ப்பு எவ்வளவு என்பதே தெரியாமல் இறங்குவது இன்னொரு வகை. இந்தப் பிரிவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

2. பின்னூட்டம். ஒன்றைச் செய்த பிறகு "சரி", "தப்பு", "ஜெயித்தாய்", "தோற்றாய்" என்று வந்து சேரும் எந்தத் தகவலும். மதிப்பெண்ணும் பின்னூட்டம்தான், நண்பன் சிரிப்பதும் பின்னூட்டம்தான், போட்டோவுக்கு வரும் லைக்கும் பின்னூட்டம்தான்.

3. எதிர்பார்ப்புப் பிழை. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசம். குரங்குகளின் மூளையில் டோபமைன் சுரக்கும் நியூரான்களை அளந்த வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ், சக ஆய்வாளர்களோடு சேர்ந்து 1997இல் இதைத் தெளிவாக எழுதினார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் அந்த நியூரான்கள் வேகமாகத் துடிக்கின்றன. எதிர்பார்த்தபடியே கிடைத்தால் பெரிய மாற்றம் இல்லை. எதிர்பார்த்தது வராமல் போனால் துடிப்பு குறைகிறது. ஆக டோபமைனை வெறும் "இன்ப ரசாயனம்" என்று சொல்வது பாதிக்கதைதான். கணக்கு மாறிவிட்டது, திருத்திக்கொள் என்று சொல்லும் சிக்னல் அது.

4. மூளையின் இடங்கள். வென்ட்ரல் ஸ்ட்ரையேட்டம் என்பது மூளையின் உள்ளே ஆழத்தில் இருக்கும் பகுதி, டோபமைன் நிறைய வந்து சேருமிடம், வெகுமதிக்குப் பலமாக எதிர்வினை காட்டும். நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் அதன் முக்கியமான துண்டு. ப்ரீஃப்ரன்டல் கார்டெக்ஸ் எனப்படும் முன்நெற்றிப் பகுதி திட்டமிடுதல், தன்னைக் கட்டுப்படுத்துதல், விதியை மாற்றிக்கொள்ளுதல் போன்றவற்றில் ஈடுபடுகிறது. "ஈடுபடுகிறது" என்ற சொல்லை வேண்டுமென்றே போடுகிறேன், ஏனென்றால் ஒரு வேலைக்கு ஒரே ஒரு பகுதி என்று மூளையில் எதுவும் இல்லை.

எப்படி அளக்கிறார்கள்?

பெரும்பாலும் இரண்டு கருவிகள். எஃப்எம்ஆர்ஐ ஸ்கேன், வேலை செய்யும் மூளைப் பகுதிக்கு ஆக்ஸிஜன் கலந்த ரத்தம் கூடுதலாகப் பாய்வதைப் பிடிக்கிறது. எங்கே நடக்கிறது என்பதை ஓரளவு நுணுக்கமாகச் சொல்லும். ஆனால் ரத்த ஓட்டம் மெதுவானது, சிக்னல் உச்சத்துக்கு வர 5, 6 விநாடி ஆகிவிடும். ஈஈஜி நேர் எதிர். தலையில் மின்முனைகளை ஒட்டி மின் அலைகளை அளக்கிறார்கள். எங்கிருந்து வருகிறது என்பது மங்கல்தான், எப்போது என்பது மில்லிவிநாடிக் கணக்கில் துல்லியம். தோற்றுவிட்டாய் என்ற பின்னூட்டம் திரையில் வந்து ஏறக்குறைய 250 மில்லிவிநாடியில் ஒரு எதிர்மறை அலை இறங்குவதை ஈஈஜியில் பார்க்கலாம். நாம் "அடச்சே" என்று உணர்ந்து சொல்வதற்கு முன்பே மூளை கணக்கு போட்டுவிடுகிறது.

கருவிக்குள் இருப்பவருக்கு ஒரு விளையாட்டு கொடுப்பார்கள். பலூன் விளையாட்டு பிரபலம்: ஒவ்வொரு முறை ஊதும்போதும் காசு சேரும், வெடித்தால் அந்தப் பலூனில் சேர்த்தது எல்லாம் போய்விடும். சீட்டு திருப்பும் விளையாட்டுகள் உண்டு, கார் ஓட்டி மஞ்சள் விளக்கில் நிற்கலாமா தாண்டலாமா என்று முடிவெடுக்கும் விளையாட்டும் உண்டு.

இங்கேயே ஒரு எச்சரிக்கை. ஸ்கேன் படத்தில் சிவப்பாகத் தெரியும் இடம் நிஜமாக "ஒளிர்வதில்லை". அது ஒரு புள்ளியியல் கணக்கின் நிறம், இரண்டு நிலைகளுக்கு இடையிலான சிக்னல் வித்தியாசம், பெரும்பாலும் பல பேரின் சராசரி. ஸ்ட்ரையேட்டம் துடித்தது, ஆகவே அவன் ஜாலியாக இருந்தான் என்று பின்னோக்கி ஊகிப்பதும் தவறு. அதே பகுதி வேறு பல காரணங்களுக்காகவும் துடிக்கும்.

ஆக்ஸிலரேட்டர், பிரேக் என்ற கதை

2008ஐ ஒட்டி லாரன்ஸ் ஸ்டைன்பெர்க், பி. ஜே. கேஸி ஆகியோர் தனித்தனியாக முன்வைத்த விளக்கம்தான் இன்று எல்லாரும் கேள்விப்பட்டிருப்பது. வெகுமதிக்கு எதிர்வினை காட்டும் அமைப்பு பருவமடையும் காலத்திலேயே முழு வேகத்துக்கு வந்துவிடுகிறது; கட்டுப்படுத்தும் முன்நெற்றி அமைப்பு மெல்ல மெல்ல, இருபதுகள் வரை முதிர்கிறது; இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் ரிஸ்க் கூடுகிறது. ஆக்ஸிலரேட்டர் ரெடி, பிரேக் இன்னும் மாட்டவில்லை என்று பத்திரிகைகள் சுருக்கிக்கொண்டன.

இதற்குச் சான்று இல்லாமல் இல்லை. 2006இல் அட்ரியானா கால்வன் குழு 7 முதல் 29 வயது வரையானவர்களை ஸ்கேன் செய்தபோது, பெரிய பரிசு வந்ததும் பதின்பருவத்தினரின் அக்கம்பென்ஸ் சிறுவர்களையும் பெரியவர்களையும் விடப் பலமாக எதிர்வினை காட்டியது. 2015இல் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் வெளியான பார்பரா பிராம்ஸ் குழுவின் ஆய்வு இன்னும் பலமானது, ஏனென்றால் 8 முதல் 27 வயது வரை ஏறக்குறைய 300 பேரை ஸ்கேன் செய்துவிட்டு, அவர்களில் பெரும்பாலோரை இரண்டு ஆண்டு கழித்து மறுபடியும் கூப்பிட்டு அளந்தார்கள். ஜெயிக்கும்போது அக்கம்பென்ஸ் காட்டும் எதிர்வினை பதின்பருவத்தின் நடுவில் உச்சம் தொட்டுப் பிறகு இறங்கியது.

சரி, அப்படியென்றால் கதை முடிந்ததா? இல்லை. ஒத்துவராத முடிவுகளும் இருக்கின்றன, அவை செய்தித்தாளுக்கு வருவதே இல்லை.

2004இல் ஜேம்ஸ் பியோர்க் குழு 12–17 வயதினரை 22–28 வயதினரோடு ஒப்பிட்டபோது, பரிசு வரப்போகிறது என்று காத்திருக்கும் நேரத்தில் பதின்பருவத்தினரின் வென்ட்ரல் ஸ்ட்ரையேட்டம் குறைவாகவே துடித்தது. கூடுதலாக அல்ல, குறைவாக. எதிர்பார்த்துக் காத்திருக்கும் நேரமும் பரிசு கைக்கு வந்த நேரமும் ஒன்றல்ல என்பது இதற்கு ஒரு விளக்கம். விளையாட்டு வேறு, வயது வரம்பு வேறு என்பது இன்னொன்று. எப்படியானாலும் "டீன்ஏஜ் மூளைக்கு வெகுமதி வெறி" என்ற ஒற்றை வரியில் இது அடங்காது.

அடுத்தது என் கணக்கில் இன்னும் முக்கியம். இவானா டிஃபோ குழு 2015இல் பல ஆய்வுக்கூட விளையாட்டுகளின் முடிவுகளைத் திரட்டிப் பார்த்தது. பெரியவர்களைவிடப் பதின்பருவத்தினர் அதிக ரிஸ்க் எடுக்கிறார்கள், அது சரி. ஆனால் சிறுவர்களோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை! வெளியுலகில் ஆபத்தான நடத்தை பதின்பருவத்திலும் இருபதுகளின் தொடக்கத்திலும்தான் உச்சம் தொடுகிறது, பத்து வயதில் அல்ல. மூளை மட்டுமே காரணமாக இருந்தால் இந்த முரண் வரக் கூடாது. பத்து வயதுக் குழந்தையிடம் வண்டிச் சாவி இல்லை, ராத்திரி வெளியே போக அனுமதி இல்லை, பக்கத்தில் எப்போதும் ஒரு பெரியவர் இருக்கிறார். ரிஸ்க் எடுக்கும் மனம் இருந்தால் போதாது, வாய்ப்பும் வேண்டுமே.

பின்னூட்டம்: அதிகம் பேசப்படாத பாதி

ரிஸ்க் எடுக்கும் கணத்தையே எல்லாரும் பார்க்கிறார்கள். எடுத்த பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் அடுத்த முடிவைத் தீர்மானிக்கிறது, ஆராய்ச்சியில் நிஜமான சுவாரஸ்யமும் அங்கேதான் இருக்கிறது.

லைடனில் 2008இல் வெளியான ஒரு ஆய்வில் 8–9 வயது, 11–13 வயது, 18–25 வயது என்று மூன்று குழுக்களுக்கு விதி கண்டுபிடிக்கும் விளையாட்டு கொடுத்தார்கள். பெரியவர்களின் முன்நெற்றிப் பகுதி "தப்பு" என்ற பின்னூட்டம் வந்தபோது அதிகம் வேலை செய்தது. 8–9 வயதுக் குழந்தைகளிடம் அதே பகுதி "சரி" என்ற பின்னூட்டத்துக்குத்தான் அதிகம் வேலை செய்தது. நடுக்குழு நடுவில் இருந்தது, எந்தப் பக்கமும் தெளிவான சாய்வில்லை. யோசித்தால் நியாயமாகத்தான் படுகிறது: "சரி" என்றால் செய்ததையே செய் என்று அர்த்தம், எளிது. "தப்பு" என்றால் எது தப்பு, எதை மாற்றுவது, மாற்றினால் எதற்கு மாற்றுவது என்று அடுத்தடுத்துக் கேள்வி. தப்பிலிருந்து கற்பது கூடுதல் வேலை, அந்தத் திறமை நாளாக நாளாகத்தான் வருகிறது.

2010இல் ஜெசிகா கோஹன் குழு 8 முதல் 30 வயது வரையானவர்களிடம் எதிர்பார்ப்புப் பிழையை நேரடியாகக் கணக்கிட்டுப் பார்த்தது. எதிர்பாராத நல்ல விளைவுக்கு ஸ்ட்ரையேட்டம் காட்டும் சிக்னல் பதின்பருவத்தினரிடம்தான் உச்சம். எதிர்பார்க்காத சந்தோஷம் அவர்களுக்கு எங்களையும் உங்களையும் விடப் பெரிய செய்தி.

இதைக் குறை என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்று காட்டியது 2016இல் ஜூலியட் டேவிடோ குழு செய்த சோதனை. ஒரு பட்டாம்பூச்சி எந்தப் பூவில் உட்காரும் என்று ஊகிக்க வேண்டும், பின்னூட்டத்தைப் பார்த்துப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும். 13–17 வயதினர் 20–30 வயதினரைவிட நன்றாகக் கற்றார்கள். ஆமாம், நன்றாக. ஒவ்வொரு பின்னூட்டத்தோடும் சம்பந்தமில்லாத ஒரு பொருளின் படமும் திரையில் வந்தது. பதின்பருவத்தினரிடம் கற்றலும் அந்தப் படங்களின் நினைவும் பின்னிக்கிடந்தன. நினைவோடு தொடர்புடைய ஹிப்போகேம்பஸ் பகுதி ஸ்ட்ரையேட்டத்தோடு கைகோத்து வேலை செய்வது அவர்களின் ஸ்கேனில் தெரிந்தது.

இதன் மறுபக்கம் கெட்ட செய்தி. ஸ்டெஃபனோ பால்மின்டெரி குழு 2016இல் வெளியிட்ட ஆய்வில் பதின்பருவத்தினர் வெகுமதியிலிருந்து பெரியவர்கள் அளவுக்கே கற்றார்கள், தண்டனையைத் தவிர்க்கக் கற்பதில்தான் பின்தங்கினார்கள். "அந்தப் பக்கம் தேர்ந்தெடுத்திருந்தால் இது கிடைத்திருக்கும்" என்று தேர்ந்தெடுக்காத வழியின் விளைவைக் காட்டியபோதும் அதைப் பெரியவர்கள் அளவுக்குப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. 2013இல் கிறிஸ்டினா மூட்சியானா குழு 9 முதல் 26 வயது வரையானவர்களிடம் கெட்ட சம்பவங்களின் பட்டியலைக் கொடுத்து, இது உங்களுக்கு நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று கேட்டு, பிறகு உண்மையான சராசரியைச் சொல்லி, மறுபடியும் கேட்டது. நீங்கள் நினைத்ததைவிட ஆபத்து குறைவு என்ற நல்ல செய்தியை எல்லா வயதினரும் ஒரே மாதிரி ஏற்றுக்கொண்டார்கள். நினைத்ததைவிட ஆபத்து அதிகம் என்ற கெட்ட செய்தியை ஏற்றுக்கொள்வது மட்டும் வயதோடு வளர்ந்தது.

மிரட்டும் படம் போட்ட போஸ்டரும், "இப்படிச் செய்தால் இத்தனை சதவீதம் பேர் சாகிறார்கள்" என்ற வகுப்பும் ஏன் எதிர்பார்த்த அளவுக்கு எடுபடுவதில்லை என்பதற்கு இங்கே ஒரு காரணம் கிடைக்கிறது. எந்த வகைத் தகவலை இந்த வயது மெதுவாக ஏற்றுக்கொள்கிறதோ, அதையேதான் நாம் திரும்பத் திரும்பக் கொடுக்கிறோம்.

ஆபத்து தெரியாமல் செய்கிறார்களா?

"நமக்கு ஒண்ணும் ஆகாது" என்ற நினைப்புதான் இளசுகளுக்கு என்று பொதுவாக ஒரு நம்பிக்கை. அளந்து பார்த்தவர்களுக்குக் கிடைத்தது வேறு. சூசன் மில்ஸ்டீன், போனி ஹால்பெர்ன்-ஃபெல்ஷர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர்களைவிடப் பதின்பருவத்தினர்தான் தங்களுக்கு ஆபத்து நேரும் வாய்ப்பை அதிகமாக மதிப்பிட்டார்கள்.

வாய்ப்பு தெரிந்த ரிஸ்க், தெரியாத ரிஸ்க் என்று மேலே பிரித்தோமே, அது இப்போது உதவும். அக்னியெஷ்கா டிமுலா குழு 2012இல் 12–17 வயதினரையும் 30–50 வயதினரையும் ஒப்பிட்டது. வாய்ப்பு இவ்வளவு என்று தெளிவாகச் சொல்லிவிட்டால், பதின்பருவத்தினர் பெரியவர்களைவிட எச்சரிக்கையாகத்தான் தேர்ந்தெடுத்தார்கள். வாய்ப்பை மறைத்தபோதுதான் கதை மாறியது: தெரியாத நிலையைப் பெரியவர்கள் ஒதுக்கினார்கள், பதின்பருவத்தினர் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. வாழ்க்கையில் எதற்கும் வாய்ப்புச் சதவீதம் ஒட்டி வருவதில்லை. அப்புறம் இன்னொன்றும் இருக்கிறது: உலகத்தை இனிமேல்தான் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு வயதுக்குத் தெரியாததைக் கண்டு ஒதுங்காமல் இருப்பது அசட்டுத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன், தேடிப் பார்க்காமல் எதுவும் தெரியப்போவதில்லை.

பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

மார்கோ கார்ட்னரும் ஸ்டைன்பெர்க்கும் 2005இல் 306 பேரை ஒரு கார் விளையாட்டு ஆடவைத்தார்கள். சிலர் தனியாக, சிலர் நண்பர்கள் பார்க்க. 13–16 வயதினரிடம் நண்பர்கள் இருந்தபோது ரிஸ்க் கிட்டத்தட்ட இரட்டிப்பானது. 24 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நண்பர்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். 2011இல் ஜேசன் செய்ன் குழு இதையே ஸ்கேனுக்குள் செய்தது. நண்பர்கள் வேறு அறையிலிருந்து பார்க்கிறார்கள் என்று தெரிந்தபோது 14–18 வயதினரின் வென்ட்ரல் ஸ்ட்ரையேட்டம் கூடுதலாக எதிர்வினை காட்டியது, பெரியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. கவனியுங்கள், நண்பர்கள் "போடா, போ" என்று தூண்டிவிடத் தேவையில்லை, பார்ப்பதே போதும். எலி வகையிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள்: 2014இல் வெளியான ஒரு ஆய்வில், கூட்டாளிகள் கூட இருந்தபோது இளம் சுண்டெலிகள் அதிக மது குடித்தன, வளர்ந்த சுண்டெலிகள் அப்படிச் செய்யவில்லை. சுண்டெலிக்கு இன்ஸ்டாகிராமும் கிடையாது, கெட்ட சகவாசம் பற்றிய அறிவுரையும் கிடையாது.

இன்ஸ்டாகிராம் என்றதும், 2016இல் லாரன் ஷெர்மன் குழு அதைப் போன்ற ஒரு திரையை ஸ்கேனுக்குள் காட்டியது. லைக் எண்ணிக்கையை ஆய்வாளர்களே இட்டுக்கட்டினார்கள். தன் போட்டோவுக்கு நிறைய லைக் இருந்தபோது பதின்பருவத்தினரின் அக்கம்பென்ஸ் கூடுதலாகத் துடித்தது. ஒரே போட்டோவுக்கு அதிக லைக் காட்டினால் அதற்கு லைக் போடுவதும் கூடியது. புகை, மது போன்ற ஆபத்தான படங்களைப் பார்க்கும்போது கட்டுப்பாட்டோடு தொடர்புடைய பகுதிகளின் செயல்பாடு குறைந்தது.

இந்த ஆய்வுகளை மட்டும் படித்துவிட்டு நண்பர்கள் என்றாலே வம்பு என்று முடிவுகட்டிவிட முடியாது. யோரியன் வான் ஹோர்ன் குழு 2016இல் 12–16 வயதினரிடம் பொதுவில் பணம் போடும் விளையாட்டு நடத்தியபோது, பொதுநலமாக நடந்ததற்குச் சகவயதினர் பாராட்டுத் தெரிவித்தால் கொடை கூடியது, சுயநலத்தைப் பாராட்டினால் குறைந்தது. ஈவா டெல்சர் குழு 2015இல் கார் விளையாட்டின்போது அம்மாவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தது, ரிஸ்க் குறைந்தது. ஒரே மூளை, ஒரே விளையாட்டு. பார்ப்பவர் மாறினால் எது இனிக்கிறது என்பதும் மாறுகிறது.

25 என்ற எண் எங்கிருந்து வந்தது?

முன்நெற்றிப் பகுதி கடைசியில் முதிர்கிறது என்பதற்கு எல்லாரும் சுட்டும் படம் நிதின் கோக்டே குழு 2004இல் வெளியிட்டது. 13 பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் மீண்டும் மீண்டும் ஸ்கேன் செய்து வரைந்த படம் அது. அதில் உச்ச வயது 21. 25 அதில் இல்லவே இல்லை. மறுபுறம், இறந்தவர்களின் மூளைத் திசுவை நுண்ணோக்கியில் பார்த்த பெட்டான்யெக் குழு 2011இல், முன்நெற்றிப் பகுதியில் நியூரான் இணைப்புகள் கழிக்கப்படுவது முப்பது வயதை ஒட்டிக்கூட நடக்கிறது என்று காட்டியது. எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறும். 25ஆவது பிறந்தநாளில் மூளையில் தனியாக எதுவும் நடப்பதில்லை.

சட்டத்துக்கு உருப்படியாக உதவுவது வேறு ஒரு பிரிவினை. நிதானமாக யோசிக்க நேரமிருந்து, உணர்ச்சிவேகம் இல்லாமல், தகவலை எடைபோட்டு முடிவெடுப்பது "குளிர்ந்த" நிலை. உற்சாகம், கோபம், கூட்டாளிகள், உடனடிப் பரிசு எல்லாம் சூழ்ந்திருக்க முடிவெடுப்பது "சூடான" நிலை. பெர்ன்ட் ஃபிக்னர் குழு 2009இல் ஒரே சீட்டு விளையாட்டை இரண்டு விதமாகக் கொடுத்தது. ஒவ்வொரு சீட்டுக்கும் உடனுக்குடன் பின்னூட்டம் வந்த சூடான வடிவில் பதின்பருவத்தினர் அதிக ரிஸ்க் எடுத்தார்கள். எத்தனை சீட்டு என்று முன்பே சொல்லிவிட வேண்டிய, இடையில் பின்னூட்டம் இல்லாத குளிர்ந்த வடிவில் பெரியவர்களோடு வித்தியாசமே இல்லை. 2019இல் கிரேஸ் ஐசனோகிள் குழு இந்தியா உட்பட 11 நாடுகளில் 10 முதல் 30 வயது வரையான 5,227 பேரிடம் பார்த்ததும் இதோடு ஒத்துப்போகிறது: யோசிக்கும் திறன் 16 வயதை ஒட்டிப் பெரியவர்கள் அளவை எட்டிவிடுகிறது, உணர்ச்சிவேகத்தில் தன்னை அடக்கும் முதிர்ச்சி 18ஐத் தாண்டியும் வளர்கிறது.

ஆகவே 16 வயதில் ஓட்டு என்பதும், விநாடிக்கு விநாடி லைக் வந்து விழும் செயலிக்கு 16 வரை தடை என்பதும் ஒன்றையொன்று முறியடிக்கும் வாதங்கள் அல்ல. இரண்டும் சரியான சட்டமா என்பது தனி விவாதம், அதை மூளை ஸ்கேன் தீர்த்துவைக்காது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2005இல் 18 வயதுக்குள் செய்த குற்றத்துக்கு மரண தண்டனை கூடாது என்று தீர்ப்பளித்ததிலிருந்து நீதிமன்றங்களில் இந்த ஆராய்ச்சி அடிக்கடி பேசப்படுகிறது. எனக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு, அடுத்த பகுதியில் காரணம் வருகிறது.

எவ்வளவு தூரம் நம்பலாம்?

1. இவை எல்லாம் குழுச் சராசரிகள். பதின்பருவத்தினர் எல்லாரும் ஒரே மாதிரி இல்லை. சராசரி ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலும் இரண்டு வயதுக் குழுக்களும் பெருமளவு ஒன்றன்மேல் ஒன்று படிந்தே இருக்கும். ஒரு ஸ்கேனைக் காட்டி இந்தப் பையன் ரிஸ்க் எடுப்பான் என்று யாராலும் சொல்ல முடியாது.

2. ஒரே ஆளை இரண்டு முறை ஸ்கேன் செய்தால் ஒரே முடிவு வருமா? மேக்ஸ்வெல் எலியட் குழு 2020இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, விளையாட்டு கொடுத்து எடுக்கும் எஃப்எம்ஆர்ஐயின் நம்பகத்தன்மை சராசரியாக 1க்கு 0.4 அளவில்தான் இருந்தது. குழுக்களை ஒப்பிட இது போதலாம். தனி ஆளை எடைபோட போதாது. என் தயக்கம் இதுதான்.

3. பழைய ஆய்வுகள் பல, இருபது முப்பது பேரை வைத்து நடந்தவை, வெவ்வேறு வயதினரை ஒரே சமயத்தில் ஒப்பிட்டவை. ஒரே ஆளை வருடக்கணக்கில் தொடர்ந்தால்தான் வளர்ச்சி என்பதைச் சரியாகச் சொல்ல முடியும். அமெரிக்காவில் 9–10 வயதில் சேர்க்கப்பட்ட 11,800க்கும் மேற்பட்ட பிள்ளைகளை 21 மையங்களில் பத்தாண்டு தொடரும் ஏபிசிடி ஆய்வு இந்தக் குறையை நிரப்பத்தான் தொடங்கப்பட்டது.

4. விளையாட்டில் போவது சில்லறைக் காசு. வண்டியில் போவது உயிர்.

நடைமுறையில் என்ன மாறும்?

அறிவுரையின் வடிவம் மாறலாம். எதைச் செய்யாதே என்று தண்டனையைக் காட்டுவதைவிட, சரியாகச் செய்தபோது உடனே தெரியும்படி சொல்வது இந்த வயதில் அதிகம் பதியும் என்பதற்குச் சான்று பலமாக இருக்கிறது. தெரியாத ஆபத்தை வாய்ப்பு தெரிந்த ஆபத்தாக மாற்றிச் சொல்வதும் உதவலாம், ஆனால் நண்பர்கள் பார்க்கும்போது அதுவும் பிசகிவிடுகிறது: ஆஷ்லி ஸ்மித் குழு 2014இல் தோற்கும் வாய்ப்பு எவ்வளவு என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டும் பார்த்தது, முகம் தெரியாத சகவயது ஒருவர் வேறு அறையிலிருந்து பார்க்கிறார் என்று நினைத்ததுமே பதின்பருவத்தினர் அதிகம் சூதாடினார்கள்.

அதனால் ஆளைத் திருத்துவதைவிடச் சூழலைத் திருத்துவது பல நேரம் சுலபம். சாலை இதற்குச் சரியான இடம், ஏனென்றால் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 5 முதல் 29 வயது வரையானவர்களின் சாவுக்கு முதல் காரணம் சாலை விபத்துதான். 16, 17 வயது ஓட்டுநர் சாகும் வாய்ப்பு வண்டியில் பயணிகள் கூடக்கூட ஏறுகிறது என்று லி-ஹுய் சென் குழு 2000இல் விபத்துப் பதிவுகளிலிருந்தே காட்டிவிட்டது. படிப்படியாக லைசென்ஸ் கொடுக்கும் முறையை நியூசிலாந்து 1987இலேயே கொண்டுவந்தது: முதல் கட்டத்தில் பக்கத்தில் அனுபவசாலி இருக்க வேண்டும், அடுத்த கட்டத்தில் ராத்திரியில் தனியாக ஓட்டக் கூடாது, பயணிகளை ஏற்றக் கூடாது. அப்போது எஃப்எம்ஆர்ஐயே வந்திருக்கவில்லை.

ஆனால் இந்த முறையிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. அமெரிக்காவில் கடுமையான படிநிலை லைசென்ஸ் விதிகள் உள்ள மாநிலங்களில் 16 வயது ஓட்டுநர்களின் உயிரிழப்பு விபத்துகள் குறைந்ததையும், 18 வயது ஓட்டுநர்களிடம் அவை கூடியதையும் ஸ்காட் மாஸ்டன் குழு 2011இல் ஒரே ஆய்வில் பதிவு செய்தது. கட்டுப்பாடுகள் ஓயும் வரை லைசென்ஸ் எடுக்காமல் காத்திருந்து 18இல் நேராக முழு லைசென்ஸோடு சாலைக்கு வருபவர்கள் ஒரு காரணமாக இருக்கலாம். பக்கத்தில் ஒரு பெரியவரை வைத்துக்கொண்டு, சின்னச் சின்னத் தவறுக்கு உடனுக்குடன் பின்னூட்டம் வாங்கி ஓட்டிப் பழகும் அந்த இரண்டு ஆண்டு அவர்களுக்குக் கிடைத்திருக்காது.